பரண் மேல இருக்கறத என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, பரண் மேல கிடக்குற பழைய காகிதத்த எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பிரிச்சுப் பாத்துடுங்கன்னு நாலு வரி எழுதினேன், அவ்ளோதான். அதுக்கு இத்தன லெட்டர் வரும்னு நெனைக்கல. பாதிப் பேர் என்னோட ஆர்க்கைவிஸ்ட் வேலைய, அதாவது பழைய ஆவணங்கள பாதுகாக்கற வேலைய பத்திக் கேக்கறாங்க, மீதிப் பேர் ட்ரங்க் பெட்டிய தெறந்து வெச்சுட்டு பயந்துபோய் கேக்கறாங்க. முடிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன். பேர் போட வேண்டாம்னு நெறைய பேர் சொன்னதால எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டுட்டேன்.

பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிருக்கேன் மேடம். ஆர்க்கைவிஸ்ட் ஆகணும்னு ஆச. அம்மா "அதுக்கு பழைய பேப்பர் கடையே வெக்கலாமே"ன்னு கேக்கறாங்க. என்ன படிக்கணும், வேலை கிடைக்குமா? (வாசகி, தேனி)

அம்மா சொன்னது ஒண்ணும் முழுப் பொய் இல்லமா, ரெண்டு தொழில்லயும் தூசு ஒரே தூசுதான். மொதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேர் ஆர்க்கைவிஸ்ட்னா நாள் பூரா ஏ.சி. ரூம்ல ஒக்காந்து சோழர் காலத்து ஓலைய படிச்சுக்கிட்டே இருப்பாங்கன்னு நெனச்சுக்கறாங்க. காலைல ஒரு கட்டு வரும். பிரஷ் வெச்சு தூசு தட்டணும், ராமபாணப் பூச்சி இருக்கா கரையான் இருக்கான்னு பாக்கணும், எத்தன தாள்னு எண்ணணும், கட்டுக்குள்ள என்ன வரிசைல இருந்துச்சுன்னு எழுதணும், யார் குடுத்தது எந்த வீட்டு எந்த அலமாரிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதணும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி விவரம். இதெல்லாம் ஆனப்பறம்தான் ஸ்கேன். படிக்கறதா? அது ஆராய்ச்சி பண்ண வர்றவங்க வேலை. நமக்கு அதுல ருசி இருக்கும் ஆனா டைம் இருக்காது. நான் இருபது வருஷத்துக்கு மேல இதுல இருக்கேன், ஒரு கட்ட முழுசா உக்காந்து படிச்சது விரல் விட்டு எண்ணிடலாம்.

படிப்புன்னு பாத்தா, டெல்லில தேசிய ஆவணக்காப்பகத்துல ஒரு வருஷ டிப்ளமோ இருக்கு, ஆவணங்கள பாதுகாக்கறது நிர்வகிக்கறது பத்தி, அதே எடத்துல குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்தறாங்க. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல ஓலைச்சுவடித் துறைன்னு தனியாவே இருக்கு. லைப்ரரி சயின்ஸ் படிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தவங்களும் நெறைய. ஆனா என்னைக் கேட்டா சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடி பழைய கையெழுத்து படிக்கக் கத்துக்கோங்க. புள்ளி வெக்காத மெய்யெழுத்து, காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்து, வார்த்தைக்கு நடுவுல எடமே விடாத எழுத்து. இத படிக்கத் தெரிஞ்ச ஆள் ரொம்பக் கம்மி, அதனால தெரிஞ்சவங்கள தேடி வருவாங்க. தஞ்சாவூர் பக்கம் போறதா இருந்தா மோடிங்கற பழைய மராத்தி எழுத்து கத்துக்கோங்க, மராட்டியர் காலத்து அரண்மனைக் கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு, மராத்திக்காரங்கள்லயே அத படிக்கறவங்க அதிகம் இல்ல.

வேலை கிடைக்குமாங்கறதுக்கு நேர் பதில்: அரசாங்கப் போஸ்ட் இருக்கு, கம்மி, எப்ப அறிவிப்பு வரும்னு சொல்ல முடியாது. தனியார் நூலகம், ஆராய்ச்சி நிறுவனம், சர்ச், ஆதீனம், பெரிய கம்பெனிங்க இங்கயெல்லாம் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான், ப்ராஜெக்ட் முடிஞ்சா சம்பளமும் முடியும், அடுத்த நிதி வர்ற வரைக்கும் வீட்ல ஒக்காரணும். நானே ரெண்டு தடவ உக்காந்திருக்கேன், ஒரு தடவ எட்டு மாசம். இத மறைச்சுட்டு "சேவை"ன்னு பேசறவங்கள நம்பாதீங்க. அம்மாகிட்ட இதையும் சேத்து சொல்லிட்டு முடிவு பண்ணுங்க.

எங்க தாத்தா கர்ணம் (கிராமக் கணக்கர்) வேலை பாத்தவர். ஒரு ட்ரங்க் பெட்டி நிறைய கணக்கு, சீட்டு, பத்திரம். எல்லாத்தையும் பிரிச்சு தேதி வாரியா அடுக்கலாம்னு இருக்கேன். சரிதானே? (வாசகர், மணப்பாறை)

நிறுத்துங்க சார். தொடாதீங்க. தொடறதா இருந்தா மொதல்ல போட்டோ எடுங்க, பெட்டிய தெறந்த நிலைல மேலேர்ந்து ஒண்ணு, ஒவ்வொரு கட்டும் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எந்தக் கட்டு எதுக்கு மேல இருந்துச்சு, எந்தக் கயிறு, கட்டு மேல சுத்தின துணில ஏதாவது எழுதியிருக்கான்னு ஒரு நோட்ல குறிங்க.

ஏன் சொல்றேன்னா, உங்க தாத்தா ஒரு வரிசைல வெச்சிருக்காருல்ல, அந்த வரிசையே ஒரு ஆவணம். பத்திரத்துக்குள்ள மடிச்சு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அதுல "௸யாருக்கு ௹ ௨௰ பற்று"ன்னு மட்டும் இருக்கும். ௸ன்னா மேற்படி. மேற்படியார் யாரு? அந்த சீட்டு எந்தப் பத்திரத்துக்குள்ள இருந்துச்சோ அந்த ஆள். நீங்க தேதி வாரியா அடுக்கறேன்னு அத வெளிய எடுத்துட்டா மேற்படியார் போயிட்டார், இனி பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

௨௰ன்னா ரெண்டு பத்து, அதாவது இருபது, பன்னெண்டோன்னு குழம்பாதீங்க. ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. பசலின்னு (நிலவரிக் கணக்கு வருஷம்) போட்டு நம்பர் இருந்தா அதோட 590 கூட்டுங்க, பசலி 1349ன்னா 1939 ஜூலைலேர்ந்து 1940 ஜூன் வரைக்கும். இதுவரைக்கும் ஈசி. பேர் வெச்ச வருஷம்தான் தொல்லை. "விரோதி ௵"ன்னு மட்டும் போட்டிருந்தா அது 1949ஆவும் இருக்கலாம் 1889ஆவும் இருக்கலாம், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவ அதே பேர் திரும்பி வருதே. அப்ப எப்படி முடிவு பண்றது? கூட இருக்கற தாள வெச்சுதான். பக்கத்துல இருக்கற முத்திரைத்தாள்ல ராணி தலையா ராஜா தலையா, அதே பேனா அதே கையெழுத்தா, அதே கட்டா. கட்ட பிரிச்சுட்டா அந்த சாட்சியெல்லாம் போச்சு.

இன்னொண்ணு, சில தாள்ல எழுத்து பென்சில் மாதிரி தெரியும், லேசா பளபளக்கும், அது காப்பியிங் பென்சில். ஈரக் கை பட்டா போதும், ஊதாவா ஓடிடும். ஈரத்துணியால துடைக்கற ஆசையே வேண்டாம். வெயில்லயும் காய வெக்காதீங்க, காத்தோட்டமான நிழல் போதும். துருப்பிடிச்ச குண்டூசிய இழுக்காதீங்க, தாளோட கிழிஞ்சு வரும். மெல்லமா தாள ரெண்டு பக்கமும் நகத்தால அமுக்கிட்டு ஊசிக் காலை நிமித்தி எடுக்கணும். கைல மாஸ்க் போட்டுக்கோங்கன்னு எழுத வந்தேன் பாருங்க, மூக்குல. அறுபது வருஷத்து பூஞ்சைய சுவாசிச்சா ரெண்டு வாரம் இருமல்தான்.

இன்னொரு விஷயம், 1980ல பரம்பரை கர்ணம் மணியக்காரர் முறைய எடுத்துட்டு வி.ஏ.ஓ. முறை வந்தப்ப பல ஊர்ல கணக்குங்க தாலுகா ஆபீஸுக்குப் போச்சு, சிலது வீட்லயே தங்கிடுச்சு. உங்க பெட்டில அரசாங்கக் கணக்கு எது, தாத்தாவோட சொந்தக் குறிப்பு எதுன்னு பாருங்க. சொந்தக் குறிப்புதான் ஆபீஸ்ல எங்கயும் கிடைக்காதது.

பழைய பத்திரத்த லேமினேட் பண்ணிட்டேன். நல்லதுதானே? (வாசகர், ஓசூர்)

இல்ல. சூடு வெச்சு பிளாஸ்டிக்க ஒட்டினா அப்புறம் பிரிக்கவே முடியாது, உள்ள இருக்கற அமிலம் உள்ளயே வேலை பாக்கும். பண்ணினது பண்ணியாச்சு, மத்தத விட்டுடுங்க. செல்லோ டேப்பும் அதே கேஸ்தான், பத்து வருஷத்துல டேப் உதிர்ந்துடும் ஆனா மஞ்சப் பசை தாளுக்குள்ள எறங்கி நிக்கும். கிழிசல ஒட்ட நாங்க கோதுமை மாவுப் பசையும் ஜப்பான் டிஷ்யூ தாளும் வெச்சுக்கறோம், தண்ணில நனைச்சா மறுபடி பிரியும், அதுதான் விஷயம்.

வீட்ல ஓலைச்சுவடி இருக்கு. அதுல புதையல் ரகசியம் இருக்குமா? (வாசகர், பேர் ஊர் ரெண்டும் வேண்டாமாம்)

பெரும்பாலும் மாட்டு வைத்தியமோ, வாக்கிய பஞ்சாங்கமோ, யாரோ பையன் படிச்ச எண்சுவடியோ, அதான் வாய்ப்பாடு, இருக்கும். மாட்டு வைத்தியமா இருந்தா எனக்கு சந்தோஷம். மஞ்சள் தடவறேன், தேங்காயெண்ணெய் ஊத்தறேன்னு ஆரம்பிக்காதீங்க, சுவடிக்குன்னு எலுமிச்சைப்புல் எண்ணெய்தான் வழக்கம், அதையும் தெரிஞ்சவங்க கைல விடுங்க. எல்லாத்துக்கும் மேல அந்தக் கயித்த அவுத்து ஓலைய கலைச்சுடாதீங்க. பாதி சுவடில ஏட்டு எண் கூட இருக்காது.

எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து டிரைவ்ல போட்டாச்சு. இனி ஒரிஜினல தூக்கிப் போடலாமா? மனைவி நச்சரிக்கறாங்க. (வாசகர், ஆவடி)

உங்க மனைவி பக்கம் நியாயம் இருக்கு, எடம் அவங்க வீட்லதான் போகுது. ஆனா தூக்கிப் போடாதீங்க. போன் போட்டோல நிழல் விழும், ஓரம் வெட்டுப்படும், பின்பக்கம் எடுத்திருக்க மாட்டீங்க, எல்லாரும் பின்பக்கத்த விட்டுடுவாங்க, சுவாரஸ்யம் பூரா அங்கதான் இருக்கும். பாஸ்வேர்ட் மறந்துட்டா டிரைவும் ஒரு பரண்தான், ஏணி இல்லாத பரண்.

நாங்க ஸ்கேன் பண்ணா டிஃப் கோப்பு ஒண்ணு, அது மாஸ்டர், அத யாரும் தொடக்கூடாது, பாக்கறதுக்கு ஜேபெக் தனியா. மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. வீட்டுக்கு அவ்ளோ வேண்டாம், ஒரு ஹார்ட் டிஸ்க் உங்ககிட்ட இன்னொண்ணு தங்கச்சி வீட்லன்னு வெச்சாலே போதும். ஆனா கோப்புக்கு பேர் வைங்க சார், தயவுசெஞ்சு. "ஐஎம்ஜி 4471"ன்னு இருக்கற படத்த பத்து வருஷம் கழிச்சு உங்க பையன் தொறந்து பாத்தா அவனுக்கு என்ன தெரியும்?

அப்ப எல்லாத்தையும் வெச்சுக்கணுமா? எதையுமே தூக்கிப் போடக் கூடாதா? (வாசகி, நாமக்கல்)

போடணும்மா. போட மனசு வராதவங்க இந்த வேலைக்கு லாயக்கில்ல. அரசாங்க ஆபீஸ் ஃபைல் மேல பாத்திருப்பீங்க, ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு.ன்னு, ஒரு வருஷம், மூணு வருஷம், பத்து வருஷம், நிரந்தரம். ஃபைல் முடியறப்பவே அதோட ஆயுள எழுதிடுவாங்க. நல்ல முறைதான், என்ன, ஒரு கிராமத்து ஓடைய திருப்பிவிட்ட விவகாரத்துக்கு யாரோ அவசரத்துல மூ.மு.ன்னு போட்டிருப்பாங்க, நூறு ரூபா பேனா வாங்கினதுக்கு நி.மு. இருக்கும். வீட்டுக்குன்னா என் கணக்கு இது: வேற எங்கயாவது இதே தாள் இருக்குமா? கரண்ட் பில், பேங்க் பாஸ்புக் இதெல்லாம் சாம்பிளுக்கு நாலு வெச்சுட்டு மீதிய விடலாம். கைல எழுதினது, படத்துக்குப் பின்னாடி பேர் எழுதினது, அச்சாகி நூறு பிரதிக்கு மேல போகாத ஊர்த் திருவிழா நோட்டீஸ், இதெல்லாம் வைங்க.

இந்த நோட்டீஸ் விஷயத்துல ஒருத்தர சொல்லியே ஆகணும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். சைன்போர்டு எழுதற ஆர்ட்டிஸ்ட், பெரிய பணக்காரரோ ப்ரொஃபசரோ இல்ல. புஸ்தகத்தோட நிறுத்தாம நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு யாரும் மதிக்காததையெல்லாம் சேத்தார். அவர் 1992ல காலமானதுக்கப்பறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்த சேகரிப்ப வாங்குச்சு, கப்பல்ல ஏத்திக்கிட்டு போகாம இங்கயே சென்னைல வெச்சாங்க, 1994லேர்ந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இப்ப தரமணில. அந்த சேகரிப்ப ஆளுக்குக் கொஞ்சமா பிச்சு வித்திருந்தா நாலு பழைய புஸ்தகக் கடைல நல்ல வெலை வந்திருக்கும். ஒண்ணா இருந்ததால ஒரு நாடகத்தோட பாட்டுப் புஸ்தகமும் நோட்டீஸும் ஒரே கூரைக்குக் கீழ கிடைக்குது.

எங்க ஊர் வரலாறு எழுதணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? கோயில் தலபுராணம் மட்டும்தான் இருக்கு. (வாசகர், அறந்தாங்கி)

தலபுராணம் எல்லா ஊருக்கும் இந்திரன் வந்து குளிச்சதுன்னுதான் சொல்லும், அத ஓரமா வைங்க. கோயில்ல கல்வெட்டு இருந்தா யாராவது படிச்சு வெளியிட்டிருக்காங்களான்னு தொல்லியல் துறை வெளியீடுகள்ல பாருங்க. அப்புறம் எழும்பூர். தமிழ்நாடு ஆவணக்காப்பகம், 1909ல கட்டின செங்கல் கட்டடம், ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போலாம். அங்க இனாம் பதிவேடு கேளுங்க. 1858ல இனாம் கமிஷன் போட்டு, ஊர் ஊரா எந்த நெலம் யாருக்கு எதுக்காக மானியமா விடப்பட்டிருக்குன்னு விசாரிச்சு எழுதினாங்க. அதுல கோயில் குருக்களுக்கு, மேளக்காரருக்கு, தண்ணிப்பந்தல் வெக்கறதுக்குன்னு ஒவ்வொண்ணா வரும். ஒரு ஊர்ல நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி தண்ணிப்பந்தலுக்கு நெலம் இருந்துச்சுன்னா அந்த வழியா ஆள் நடமாட்டம் இருந்திருக்கு, அது ஒரு பழைய பாதை. புரியுதா, தலபுராணத்துல கிடைக்காத விஷயம்.

அனுமதி வாங்க, பதிவேடு எடுத்துக் குடுக்க நாளாகும், ஒரே நாள்ல முடிச்சுட்டு சாயங்காலம் பஸ் ஏறலாம்னு வராதீங்க. ஊர் திரும்பினதும் பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர பாருங்க. கண்ணாடி நெகட்டிவ் இன்னும் இருந்தா காலைத் தொட்டு கும்பிடுங்க. நெறைய எடத்துல கண்ணாடிய கழுவி போட்டோ சட்டத்துக்குப் போட்டுட்டாங்க.

தாத்தா டைரில மழை பெய்ஞ்சது, நெல் என்ன வெல, யார் வந்தாங்க, இவ்ளோதான் இருக்கு. இது வரலாறா? (வாசகி, புதுச்சேரி)

புதுச்சேரிலேர்ந்துகிட்டு இத கேக்கறீங்களே! ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து 1761 வரைக்கும் தன் டைரில என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்துச்சு, சரக்கு என்ன, யார் யார்கிட்ட என்ன பேசினாங்க, யார் வீட்டுக் கல்யாணம். பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவரா இருந்தவர், அதனால சண்டையும் வருது, அது வேற. உங்க தாத்தா எந்த துரைக்கும் துபாஷி இல்லன்னாலும் நாப்பது வருஷம் விடாம மழை எழுதியிருந்தா அத தேடி வர்ற ஆள் இருக்காங்க.

எங்கட ஊர்ல சண்டைக்குப் பிறகு ஒண்டும் மிஞ்சேல்ல அக்கா. இடம்பெயர்ந்தபோது எல்லாம் விட்டிட்டு வந்தம். நாங்கள் என்னத்த சேர்க்கிறது? (வாசகர், கிளிநொச்சி)

தம்பி, உங்களுக்கு நான் சொல்றதவிட அங்க இருக்கறவங்களே நல்லா சொல்வாங்க. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு 97,000 புத்தகம் போன நாட்டுலேர்ந்துதான் 2005ல நூலகம்னு ஒரு இணைய நூலகம் கிளம்புச்சு, தன்னார்வலருங்க பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி ஏத்தினாங்க. அவங்க சேத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது உங்க ஊர்க் கல்வெட்டு. இங்க கல்வெட்டுன்னா கல்லுல வெட்டினது, அங்க ஒருத்தர் செத்து முப்பத்தோராம் நாள் அடிக்கற நினைவுப் புத்தகம். செத்தவரோட வம்சம், ஊர், பிள்ளைங்க யாருக்கு எங்க கல்யாணம் ஆச்சு, எல்லாம் அதுல இருக்கு. ஊர்ல பிரதி போயிருந்தாலும் சொந்தக்காரங்க எடுத்துட்டுப் போனது கனடாலயும் லண்டன்லயும் ஏதாவது டிராயர்ல இருக்கும். கேளுங்க, போன்ல எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பின் அட்டையும் சேத்து, ஏன்னா எந்த அச்சகம்னு அங்கதான் போட்டிருக்கும்.

இந்த வேலைல நீங்க பண்ணின பெரிய தப்பு என்ன மேடம்? (வாசகி, கோவில்பட்டி)

வேலைக்குச் சேந்து நாலாவது மாசம். ஒரு மிராசு வீட்டுலேர்ந்து பதினோரு கட்டு வந்துச்சு. எனக்கு மேல இருந்தவர் லீவு. அவர் வர்றதுக்குள்ள அசத்திடணும்னு பதினோரு கட்டையும் அவுத்து தேதி வாரியா அடுக்கினேன், மணப்பாறை சார் இப்ப பண்ணப் பாக்கறாரே அதேதான். ரொம்ப அழகா இருந்துச்சு. தேதி இல்லாததெல்லாம் கடைசில ஒரு குவியல்.

அந்தக் குவியல்ல முப்பத்தேழு சின்ன சீட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர், எத்தன மரக்கா கேப்பை வாங்கினாங்கன்னு ஒரு எண், கீழ ஒரு கீறல் கைநாட்டு. மேல "தாது ௵" மட்டும். 1876ன்னா அது தாது வருஷப் பஞ்சம், ஜனங்க ஊர விட்டு நடந்து போய் வழில விழுந்த வருஷம், அந்த ஊர்ல யார் வீட்டுக்கு எவ்ளோ தானியம் கடனா போச்சுன்னு பேர் பேரா இருக்கற ஒரே எழுத்து. 1936ன்னா சாதாரணக் கைமாத்து. எந்தக் கட்டுலேர்ந்து எடுத்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல, குறிச்சும் வெக்கல. பெரியவர் லீவு முடிஞ்சு வந்து பாத்தாரு, திட்டல, ஒரு கவரும் பென்சிலும் எடுத்து என் முன்னாடி வெச்சுட்டு போயிட்டாரு. காகிதத்த வெச்சு கண்டுபிடிக்கலாம்னு நானும் ரெண்டு பேர்கிட்ட காட்டினேன், ஒருத்தர் அப்படிங்கறார் ஒருத்தர் இப்படிங்கறார். அந்தக் கவர் இன்னும் ரேக்ல இருக்கு, மேல என் கையெழுத்துல "1876 அல்லது 1936"ன்னு.